ஸ்காலர்ஷிப் தேடலை எந்த வகுப்புல ஆரம்பிக்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல், படிக்க வசதியாகச் சற்றே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப்போறது ஒரே ஒரு கேள்வியைப் பத்திதான். காலேஜ் படிப்புக்கான ஸ்காலர்ஷிப்பை எப்போ தேட ஆரம்பிக்கணும்? பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகா, பிளஸ் ஒன்லயா, இல்ல இன்னும் முன்னாடியா?

கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல நிறைய பேர் படிச்சு முடிச்சு, சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ வேலையில இருப்பீங்க. "இது எனக்கு எதுக்கு?"னு தோணலாம். ஆனா ஊர்ல உங்க அக்கா பையன் ஏழாவது படிச்சிட்டு இருப்பான். சித்தி பொண்ணு பத்தாவது படிப்பா. அந்த வீட்ல ஒரு போர்ட்டலைத் திறந்து, ஓடிபி போட்டு, பிடிஎஃப் அப்லோட் பண்ணத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். அதனால இது உங்களுக்கான எபிசோட்தான்.

எனக்குச் சொந்த ஊர் பூதலூர் பக்கம். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவுல, ரயில்ல போனா ஒரு ஸ்டேஷன் வரும்ல, அதே பூதலூர்தான். ஒவ்வொரு ஜூன் மாசமும் எனக்கு ஊர்ல இருந்து நாலஞ்சு போன் வரும். "தம்பி, பொண்ணு பாஸ் பண்ணிடுச்சு. ஸ்காலர்ஷிப் ஏதாச்சும் இருந்தா பாத்துச் சொல்லு." நான் பார்த்துச் சொல்வேன். அதுல பாதிக்கு மேல "இது முடிஞ்சு போச்சு", "இதுக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடியே பரீட்சை எழுதியிருக்கணும்"னு சொல்ல வேண்டியதா இருக்கும்.

ஜூன் ஏன் மோசமான மாசம்?

டெல்டாவுல இருக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். மேட்டூர் அணையை ஜூன் 12ல திறக்கிறது மரபு. தண்ணி சில நாள்ல கல்லணைக்கு வந்துடும். கல்லணையே எங்க பூதலூர் தாலுகாவுலதான் இருக்கு. தண்ணி வந்ததும் குறுவை வேலை மும்முரமாகும். உழவு, விதை, நாற்றங்கால், நடவுக் கூலி, உரம்னு கையில இருக்கிற காசு எல்லாம் வயலுக்குள்ள போற மாசம் ஜூனும் ஜூலையும். குறுவை அறுத்து நெல் காசாகறதுக்கு செப்டம்பர், அக்டோபர் ஆகும். சம்பான்னா பொங்கலுக்கு அப்புறம்.

காலேஜ் ஃபீஸ் எப்போ கேட்பாங்க? அதே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல. வீட்ல கை வறண்டு கிடக்கிற நேரத்துலதான் முதல் வருஷக் கட்டணம், ஹாஸ்டல் அட்வான்ஸ், பஸ் ஃபீஸ் எல்லாம் வந்து நிக்கும். அதனாலதான் அம்மாவோட சங்கிலி அடகுக் கடைக்குப் போகுது. கூலி வேலைக்குப் போற குடும்பம்னா சங்கிலியும் கிடையாது, வட்டிக் கடன்தான்.

அந்த ஜூன்ல உட்கார்ந்து ஸ்காலர்ஷிப் தேடினா, அப்ளை பண்ணாலும் பணம் உடனே வராது. காலேஜ் சரிபார்க்கணும், துறை சரிபார்க்கணும், அப்புறம் அக்கவுண்ட்ல ஏறணும். பெரும்பாலான திட்டங்கள்ல இதுக்குப் பல மாசம் ஆகும். ஸ்காலர்ஷிப் வாங்குற பிள்ளைக்குக்கூட முதல் தவணை ஃபீஸை வேற எங்கிருந்தாவது கட்ட வேண்டி வரும்கிறதை மனசுல வச்சுக்கங்க.

இன்டர்நெட்ல தேடினா "பதினொன்றாம் வகுப்பில் தொடங்குங்கள்"னு அறிவுரை வரும். அது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. அங்க ஃபாஃப்சாங்கிற அரசு நிதியுதவி விண்ணப்பம் வழக்கமா அக்டோபர் 1ஆம் தேதி, அதாவது காலேஜ் சேர்றதுக்குப் பல மாசம் முன்னாடியே திறந்துடும். இலங்கையில நேர் எதிர். அங்க ஐந்தாம் தரத்துலயே, பத்து வயசுப் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை எழுதுது. நம்ம ஊர்க் கணக்கு இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. அதை வகுப்பு வகுப்பா பார்ப்போம்.

ஆறாம் வகுப்பு: தேடல் இங்கதான் ஆரம்பிக்குது

ஆச்சரியமா இருக்கலாம். ஆறாவதுல எந்த ஃபார்மும் நிரப்ப வேண்டியதில்லை. ஆனா பெரிய முடிவு ஒண்ணு இருக்கு. பிள்ளையை எந்தப் பள்ளியில சேர்க்கிறோம்?

தமிழ்நாட்டுல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்தது. 2021ல பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு தொழிற்படிப்புகளுக்கும் விரிவாச்சு. அந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களோட கல்விக் கட்டணத்தை, விடுதிக் கட்டணம் உட்பட, அரசே ஏத்துக்குது. அடிப்படை நிபந்தனை, 6 முதல் 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும்.

புதுமைப்பெண் திட்டத்துக்கும் இதே 6 முதல் 12 கணக்குதான். 2022 செப்டம்பர் 5ல தொடங்கினது. முழுப்பேர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அந்த மூவலூரும் நம்ம டெல்டாதான், மயிலாடுதுறை பக்கம். அரசுப் பள்ளியில படிச்சுட்டு டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ எதுல சேர்ந்தாலும், படிப்பு முடியிற வரைக்கும் மாசம் 1000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9ல தொடங்குச்சு. அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களையும் 2024ல சேர்த்துக்கிட்டாங்க.

எங்க தெருவுல ஒரு பொண்ணு. எட்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி. நல்லாப் படிக்கிறாளேன்னு அப்பா ஆசைப்பட்டு, ஒன்பதாவதுக்கு மட்டும் வேன் வச்சு ஒரு தனியார் பள்ளிக்கு அனுப்பினார். ஃபீஸ் கட்ட முடியல. பத்தாவதுக்குத் திரும்ப அரசுப் பள்ளிக்கே வந்துட்டா. பிளஸ் டூல நல்ல மார்க். 7.5 சதவீதத்துக்கு விண்ணப்பிக்கப் போனப்ப, நடுவுல ஒரு வருஷம் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுது. அவங்க அம்மா என்கிட்ட கேட்டாங்க, "அந்த ஒரு வருஷத்துக்குமா தம்பி?" ஆமாம்க்கான்னு சொல்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல.

இதனால எல்லாரும் அரசுப் பள்ளியிலதான் சேர்க்கணும்னு நான் சொல்ல வரல. அது அந்தந்தக் குடும்பத்தோட முடிவு. ஆனா வேன் ஃபீஸ், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கணக்குப் போடும்போது, பின்னாடி கைவிட்டுப் போறதையும் அதே பேப்பர்ல எழுதிப் பாருங்க. முடிவு எடுக்கிற அன்னைக்கு அந்த அப்பாவுக்கு இதை யாருமே சொல்லல.

எட்டாம் வகுப்பு: விட்டா திரும்பக் கிடைக்காத பரீட்சை

எட்டாவதுல என்எம்எம்எஸ். தேசிய வருவாய்வழி மற்றும் திறன்படிப்பு உதவித்தொகைத் தேர்வுன்னு நீளமா ஒரு பேர். மத்திய அரசுத் திட்டம், 2008ல இருந்து நடக்குது. அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகள்ல எட்டாவது படிக்கிறவங்க எழுதலாம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். ஏழாவதுல 55 சதவீதம் எடுத்திருக்கணும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 5 சதவீதம் தளர்வு.

தேர்வானா ஒன்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. காலேஜுக்கான பணம் இல்லையேன்னு கேட்கலாம். ஆனா அதை அக்கவுண்ட்லயே விட்டு வச்சா, முதல் வருஷ ஜூன் மாசத்துக்கான பணம் அதுதான். அடகுக் கடை போகாம இருக்க அது போதும்.

பரீட்சையில ரெண்டு தாள். ஒண்ணு மனத்திறன், இன்னொண்ணு பாடத்திறன். ஒவ்வொண்ணுலயும் 90 கேள்வி, 90 நிமிஷம். பாடத்திறன்ல ஏழாவது, எட்டாவது பாடம் வரும். மனத்திறன்தான் பிள்ளைங்களுக்குப் புதுசு. எண் தொடர், படத் தொடர், குறியீடு மாதிரி கேள்விகள். இங்கதான் நீங்க உதவ முடியும். வாரத்துல ஒரு நாள், வீடியோ கால்ல, அரை மணி நேரம். நீங்க வேலைக்குப் போக எழுதின ஆப்டிட்யூட் டெஸ்டோட தம்பிதான் இது.

கிடைச்ச பிறகும் வேலை முடியல. ஒவ்வொரு வருஷமும் தேசிய உதவித்தொகைப் போர்ட்டல்ல புதுப்பிக்கணும். பத்தாவதுல 60 சதவீதம் எடுத்தாத்தான் தொடரும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இங்கயும் 5 சதவீதம் குறைவு. முதல் வருஷம் வாங்கிட்டு, ரெண்டாவது வருஷம் புதுப்பிக்க மறந்து விட்டவங்க உண்டு.

ஒன்பது, பத்து, பதினொன்று

ஒன்பதாவதுல ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கானது. ஒரு மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பொண்ணுங்க. தொகை சின்னதுதான், வருஷம் 1000 ரூபாய். ஆனா பூதலூர் மாதிரி ஒன்றியத்துல படிக்கிற பிள்ளைக்கு, மாவட்ட அளவுல நூறு பேர்ல ஒருத்தர்ங்கிறது பெரிய தெம்பு. அடுத்த பரீட்சைக்கு அதுவே பயிற்சி.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு 2023ல வந்தது. 500 பையன்கள், 500 பொண்ணுங்கன்னு 1000 பேரைத் தேர்ந்தெடுத்து, இளநிலைப் பட்டம் முடியிற வரைக்கும் ஒரு கல்வி ஆண்டுக்கு 10,000 ரூபாய். பத்தாவதுலயா, பதினொண்ணுலயாங்கிறதை அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்து உறுதி பண்ணிக்கங்க.

பதினொண்ணுல தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1500 பேருக்கு மாசம் 1500 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு. இதுல தனியார் பள்ளி மாணவர்களும் எழுதலாம். பாதி இடம் அரசுப் பள்ளிக்கு, மீதி பாதிக்கு எல்லாருமே போட்டி போடலாம். கேள்வி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்துல இருந்துதான்.

ஒரு எச்சரிக்கை. பழைய பட்டியல்கள்ல என்டிஎஸ்இ, கேவிபிஒய்னு ரெண்டு பேர் இன்னும் இருக்கும். என்டிஎஸ்இ 2021ல நிறுத்தி வைக்கப்பட்டது. கேவிபிஒய் 2022ல முடிஞ்சு போச்சு. அண்ணன் படிச்ச காலத்துல இருந்த திட்டம் தம்பி காலத்துல இருக்கும்னு நம்பி உட்கார்ந்துடக் கூடாது.

இப்போ பேப்பர் விஷயம்

பரீட்சை, மார்க் எல்லாம் பிள்ளை பார்த்துக்கும். பேப்பரைப் பெரியவங்கதான் பார்க்கணும். பதினொண்ணாவது முழுப் பரீட்சை முடிஞ்ச மே மாசம்தான் இதுக்குச் சரியான நேரம். ஒரு வருஷம் கையில இருக்கும்.

ஒண்ணு, சாதிச் சான்றிதழ். ஒரு தடவை வாங்கினா போதும்.

ரெண்டு, வருமானச் சான்றிதழ். இது ஒரு வருஷம்தான் செல்லும். ரொம்ப முன்னாடி வாங்கினா, தேவைப்படும்போது காலாவதி ஆகியிருக்கும். அதனால இதை மட்டும் பிளஸ் டூ பரீட்சை முடிஞ்ச உடனே, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி புதுசா வாங்குங்க. ரிசல்ட் வந்த அடுத்த நாள் எல்லாரும் இ-சேவை மையத்துல வரிசையில நிப்பாங்க. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை பலதுக்கும் வருமான வரம்பு 2.5 லட்சம்.

மூணு, முதல் பட்டதாரிச் சான்றிதழ். வீட்ல இதுவரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலைன்னா, பொறியியல் மாதிரி படிப்புகளுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியா சேரும்போது டியூஷன் ஃபீஸ்ல சலுகை கிடைக்கும். 2010ல இருந்து இருக்கிற திட்டம். இதுக்குத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் தம்பி எல்லாரோட படிப்பு விவரமும் தேவை. தாத்தாவோட டிசி எங்க இருக்குன்னு தேடவே ஒரு மாசம் ஆகும். ஒரு குடும்பத்துல ஒரு பிள்ளைக்குத்தான் இது. மூத்தவங்களுக்கு எடுத்தாச்சுன்னா இளையவங்களுக்கு இல்ல.

நாலு, ஆதார். பதினஞ்சு வயசுல கைரேகை, கண்விழிப் பதிவைப் புதுப்பிக்கிறது கட்டாயம். நிறைய பேர் பண்றதில்லை. அப்புறம் நம்ம தமிழ்ப் பேர்ல ஒரு நிரந்தரச் சிக்கல் உண்டு, இனிஷியல். மார்க் ஷீட்ல பேருக்குப் பின்னாடி ஒரு எழுத்து, ஆதார்ல அதையே விரிச்சு அப்பா பேர் முழுசா, பேங்க்ல இனிஷியலே இல்ல. கம்ப்யூட்டருக்கு இது மூணு பேர். பத்தாவது மார்க் ஷீட்டை மூலமா வச்சு மத்ததை அதுக்குச் சரி பண்ணுங்க.

அஞ்சு, பேங்க் அக்கவுண்ட். என் சித்தி பொண்ணு கதையைச் சொல்றேன். தஞ்சாவூர்ல ஒரு காலேஜ்ல பிஎஸ்சி சேர்ந்தா. கூடப் படிக்கிற எல்லாருக்கும் மாசம் 1000 ரூபாய் வருது, இவளுக்கு மட்டும் இல்ல. காலேஜ்ல கேட்டா பணம் போயிடுச்சுங்கிறாங்க. கடைசியில பார்த்தா, எட்டாவது படிக்கும்போது வேற எதுக்கோ திறந்த ஒரு பழைய அக்கவுண்ட்ல ஆதார் இணைஞ்சிருக்கு. அரசுப் பணம் ஆதாரோட இணைஞ்ச கணக்குக்குத்தான் போகும், நாம ஃபார்ம்ல எழுதிக் கொடுத்த நம்பருக்கு இல்ல. அந்த பேங்க் பாஸ்புக் எங்க இருக்குன்னே வீட்ல யாருக்கும் தெரியல. பணம் தொலையல, ஆனா கைக்கு வர ஒரு செமஸ்டர் ஆச்சு. அந்த செமஸ்டர் முழுக்க பஸ் காசுக்கு சித்தி அல்லாடினாங்க.

இன்னொண்ணு. ரெண்டு வருஷம் எந்த வரவு செலவும் இல்லாத கணக்கை பேங்க் செயல்படாத கணக்கா மாத்திடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை நூறு ரூபாய் போட்டு எடுங்க.

சேர்ந்த பிறகு தேட வேண்டியது

சில திட்டங்களுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கவே முடியாது. முதல் வருஷம் சேர்ந்த பிறகுதான் கதவு திறக்கும்.

மத்தியத் துறை உதவித்தொகைன்னு ஒண்ணு. பிளஸ் டூல அவங்க போர்டுல முதல் 20 சதவீதத்துக்குள்ள வந்தவங்க, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்க விண்ணப்பிக்கலாம். இளநிலைக்கு வருஷம் 12,000 ரூபாய். பொறியியல், பாலிடெக்னிக் போற பொண்ணுங்களுக்கு ஏஐசிடிஇயோட பிரகதி, வருஷம் 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம்ங்கிறதால, நடுத்தரக் குடும்பம்கூட வரும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு சக்ஷம். தனியார்ல, நடிகர் சூர்யா 2006ல தொடங்கின அகரம் ஃபவுண்டேஷன் அரசுப் பள்ளியில படிச்ச முதல் தலைமுறைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்குது. ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதல் வருஷ மாணவர்களுக்கு, படிப்புக் காலம் முழுக்கச் சேர்த்து 2 லட்சம் வரைக்கும் கொடுக்குது.

ஆதிதிராவிட மாணவர்களுக்கு ஃப்ரீஷிப் கார்டுன்னு ஒண்ணு உண்டு. தகுதி இருந்தா, கட்டணத்தை முன்கூட்டிக் கட்டாமலே சேரலாம்னு மத்திய அரசோட 2021 வழிகாட்டுதல் சொல்லுது. சேர்க்கைக்கு முன்னாடியே இதைக் கேளுங்க. ஜூன் மாசச் சிக்கலுக்கு நேரடி மருந்து இது.

கவனம், எல்லாத்தையும் ஒண்ணா வாங்க முடியாது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் ரெண்டையும் வேற உதவித்தொகையோட சேர்த்து வாங்கலாம். ஆனா மத்தியத் துறை உதவித்தொகையை வேற அரசு ஸ்காலர்ஷிப்போடயோ கட்டணச் சலுகையோடயோ சேர்த்து வாங்க முடியாது. எது கூடுதல்னு கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்க. அதோட, எந்த உண்மையான ஸ்காலர்ஷிப்பும் "ப்ராசஸிங் ஃபீஸ்" கேட்டு ஜிபே நம்பர் அனுப்பாது. ஓடிபி கேட்காது.

கேட்கிறதுக்குக் கூச்சப்பட வேண்டாம்

இதைச் சொல்லாம முடிக்க முடியாது. எங்க பக்கம் சில வீடுகள்ல, "அடுத்தவங்க காசுல படிக்க வைக்கணுமா?"ன்னு அப்பாக்கள் கேட்பாங்க. தஞ்சாவூர்ச் சீமையில இது நேத்து வந்த பழக்கம் இல்ல. ரெண்டாம் சரபோஜி 1802ல ஒரத்தநாட்டுல கட்டின முத்தம்பாள் சத்திரத்துல, வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோட பிள்ளைங்களுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்தாங்க. பின்னாடி, தஞ்சை ஜில்லா போர்டு தலைவரா இருந்த சர் ஏ.டி.பன்னீர்செல்வம் காலத்துல, சத்திரத்து வருமானத்துல ஒரத்தநாடு, ராஜாமடத்துல மாணவர் விடுதிகள் நடந்துச்சு. வயல்ல விளைஞ்சதுல ஒரு பங்கு ஊர்ப் பிள்ளை படிப்புக்குப் போகணும்னு நினைச்ச மண்ணு இது. இன்னைக்கு அது வரிப்பணமா வருது. உங்க அப்பா வாங்கின ஒவ்வொரு உர மூட்டையிலயும் வரி இருக்கு.

சரி, கேள்விக்குப் பதில். ஆறாவதுல தெரிஞ்சுக்கணும். எட்டாவதுல எழுத ஆரம்பிக்கணும். பதினொண்ணு முடிஞ்ச மே மாசம் பேப்பர் எடுக்கணும். காலேஜ் சேர்ந்த முதல் மூணு மாசம் விடாம விண்ணப்பிக்கணும். இப்பவே பிள்ளை பிளஸ் டூல இருக்குன்னா, எட்டாவது போச்சேன்னு வருத்தப்படாதீங்க. கடைசி ரெண்டும் இன்னும் கையிலதான் இருக்கு.

இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு ஒரு போன் போடுங்க. மூணே கேள்வி கேளுங்க. பிள்ளை என்ன வகுப்பு, எந்தப் பள்ளி? ஆதார்லயும் மார்க் ஷீட்லயும் பேர் ஒரே மாதிரி இருக்கா? ஆதார் எந்த பேங்க் கணக்கோட இணைஞ்சிருக்கு? மூணாவது கேள்விக்கு "தெரியலையேப்பா"ன்னுதான் பதில் வரும். அங்கிருந்து ஆரம்பிங்க.

தேதிகளும் வரம்புகளும் வருஷத்துக்கு வருஷம் மாறும், விண்ணப்பிக்கும் முன்னாடி அந்த வருஷ அறிவிப்பைப் பாருங்க. உங்க வீட்ல எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தா, இந்த எபிசோடை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடுங்க. அடுத்த எபிசோட்ல கல்விக் கடன் பத்திப் பேசுவோம்.